மதி என்றால் போதும்!

போன சாரல் சீசனில், தமிழ்நாட்டு, கேரள இளைஞர்கள் சேர்ந்து எல்லையோர நினைவுகளை வரையும் முகாம் குற்றாலத்தில் நடந்தது. தென்காசியிலிருந்து நானும் போயிருந்தேன். சேர்ந்து வரைய எனக்குக் கிடைத்த ஜோடி, கேரளத்துப் புனலூர் அஞ்சு. செங்கோட்டைச் சந்தையில் காய்கறிச் சாக்கோடு நிற்கும் தன் மறைந்த அப்பாவை, அவள் நினைவிலிருந்தே அக்ரிலிக்கில் வரைந்திருந்தாள். சுற்றிலும் மழை வரைவது என் வேலை.

போஸ்டர் கலரில் மும்முரமாகத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"மதி, மதி!" என்றாள் அஞ்சு.

என் பெயர் மதி. உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

செங்கோட்டைத் தோழி செல்வி ஓடிவந்தாள். "ஏட்டி, உன்னக் கூப்பிடல. மலையாளத்துல மதின்னா போதும்னு சொல்லுதா! அவ அப்பா முகத்தையே மறைச்சிட்டியே!"

பிரஷைக் கீழே போட்டேன். ஈரத்துணியால் மெல்ல ஒற்றினேன். நல்லவேளை, காய்ந்திருந்த அக்ரிலிக் அசையவில்லை. என் மழை மட்டும் துணியோடு வந்தது. அப்பா பழையபடி சிரித்தார். அஞ்சுவும் சிரித்தாள்.

இப்போதெல்லாம் கேரளத் தோழிகளோடு வரையும்போது "மதி" என்று காதில் விழுந்தால், முதலில் பிரஷை எடுத்துவிடுகிறேன். கூப்பிட்டார்களா, நிறுத்தச் சொன்னார்களா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.