மருமகனின் அரைப் பீங்கான் சோறு

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குத்தான் குடிபோவான். அந்த வீட்டில் அவனுக்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது; சோறு மட்டும் அளவில்லாமல் கிடைக்கும். மருமகன் என்ன உழைக்கிறான் என்று ஊர் அவ்வளவாகக் கேட்காது. அவன் கன்னம் உப்பியிருக்கிறதா என்று பார்த்து மாமிக்குப் புள்ளி போடும். நான் என் மாமிக்கு நல்ல புள்ளி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். கலியாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள் இப்போது என் ஒரு கை மட்டும்தான் போகிறது.

இப்படிச் சீரும் சிறப்புமாக இருக்கும்போதுதான் கிளினிக்கில் டொக்டர் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீனி நல்லாக் கூடிட்டு. கால் விறைக்குதா?"

"ஓம் டொக்டர், கொஞ்சம்."

"சோத்தப் பாதியாக் குறைங்க. இல்லாட்டி காலைத்தான் குறைக்க வரும்."

அவருக்கு அது பகிடி. எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில் வாப்பா ஒற்றைக் காலோடு, முச்சக்கர வண்டியில்தான் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்தார். நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

அன்று பகல் மாமி குசினியிலிருந்து சோற்றுச் சட்டியோடு வந்தார். இறக்காமத்தில் அவருடைய சொந்த வயலில் விளைந்த அரிசி அது. அடுத்த அகப்பை விழுமுன் சாப்பாட்டுப் பீங்கானின் மேல் கையை வைத்து மறித்தேன்.

"என்ன மகன், கறி சரியில்லியா?"

"கறி நல்லம் மாமி. சீனி கூடிட்டு. டொக்டர் சோத்தக் குறைக்கச் சொல்லிட்டார்."

"அப்ப டீக்குச் சீனி போடாமத் தாறன். சோத்துக்கு நாங்க சீனியா போடுற?"

மனைவி தலையைத் தூக்கவேயில்லை. உம்மாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் தன் பீங்கானைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த நாள் நாட்டுக்கோழி வந்தது. அதற்கடுத்த நாள் இறால். நான் பாதிச் சோற்றோடும் கீரைச் சுண்டலோடும் எழும்ப எழும்ப, மாமி கறியின் தரத்தை உயர்த்திக்கொண்டே போனார். என் சீனி இறங்குவதற்கு முன்னர் மாமியின் முகம் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மருமகன் மெலிஞ்சிட்டார், வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று அக்கறையோடு விசாரித்தாள். அந்த அக்கறை பஸ் ஏறி அக்கரைப்பற்றில் இருக்கும் என் ராத்தா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ராத்தா சோற்றுக் கரியரோடு வந்து இறங்கினாள்.

"தம்பி, உண்மையச் சொல்லு. இவங்க உனக்குச் சோறு தாறல்லியா?"

குசினிக்குள் இருந்த மாமிக்கு அது நன்றாகவே கேட்டது. அன்று முழுக்க அவர் வெளியே வரவில்லை. அழுதார் என்று மனைவி சொன்னாள். எனக்கும் ஒருமாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் காலை நினைத்துக்கொண்டு பிடிவாதமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் பெரியவர்கள் இருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், புருஷன் பெண்சாதிப் பிணக்கைத் தீர்த்துவைக்க. பிணக்கு ஒன்றும் இல்லை, சீனிதான் என்று விளக்கினேன்.

"சீனி ஊர் முழுக்க இருக்கு தம்பி," என்றார் மூத்தவர். "அதுக்கெண்டு மாமிட மனச நோகடிக்கலாமா?"

தீர்ப்பு அங்கேயே வழங்கப்பட்டது. சமாதானத்துக்கு அடையாளமாக எல்லோரும் ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். மாமி சந்தோஷமாக எழும்பி ஓடினார். பெரிய தட்டத்தில் நெய்ச்சோறு மலையாக வந்தது, உச்சியில் மாட்டிறைச்சி. சஹனைச் சுற்றி உட்கார்ந்தவன் தன் பங்கு எது என்று கேட்க முடியாது. நல்ல இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. அன்று எல்லா மரியாதையும் என் பக்கமே வந்து சேர்ந்தது.

கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்ததும் பெரியவர்கள் இருவரும் ஜுப்பாப் பையிலிருந்து ஆளுக்கொரு சீனிக் குளிசையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். மூத்தவர் எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"இதப் போட்டா வட்டிலப்பத்துக்குச் சரி."

என் குளிசை என்னிடம் இருக்கிறது என்று சொல்லித் தப்பினேன். வட்டிலப்பத்திடமிருந்து தப்ப முடியவில்லை. அவர்களைப் படலை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, கொதிக்கிற வெயிலில் சீமெந்து முற்றத்தால் திரும்பி வந்தேன். வாசலில் நின்ற மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன், மத்தச் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு படலையடியிலேயே கழன்று கிடந்தது.

"கழண்டது தெரியல்லியா?"

"இல்ல மாமி."

"இந்தச் சூடும் தெரியல்லியா?"

"இல்ல."

நான் தடுக்கத் தடுக்க மாமி தானே போய் அந்தச் செருப்பை எடுத்துவந்து என் காலடியில் வைத்தார். வெட்கத்தில் நான் கூசிப்போனேன். மாமி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்கும் இப்படித்தான் துவங்கின," என்றார்.

அவர் என்றால் மாமா. எங்கள் கலியாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டவர், நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பகல் என் முன்னால் பீங்கான் வந்தது. அரை அகப்பைச் சோறு, மீதி இடம் முழுக்கக் கீரையும் மீனும். மீன் ஆணத்துக்குத் தேங்காய்ப் பாலும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து, இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள். என் பீங்கானைப் பார்த்தாள், பிறகு மாமியைப் பார்த்தாள்.

"என்ன ராத்தா, மருமகனுக்கு இவ்வளவுதானா சோறு?"

"ஓம்," என்றார் மாமி, சட்டியை வாங்கிக்கொண்டே. "நான்தான் குறைச்சன். மருமகனுக்குச் சோறு குடுக்காத மாமி எண்டு ஊரெல்லாம் போய்ச் சொல்லுங்க. என்ட மகளுக்கு மாப்பிள்ளை ரெண்டு காலோட வேணும்."