உறையில் பழைய பெயர், உள்ளே வேறு குளிசை

இரண்டு வருட வயிற்றோட்டத்துக்கு டொக்டர் ஐந்தாவதாக எழுதிய குளிசைதான் எனக்குச் சரிவந்தது. பயமில்லாமல் புறக்கோட்டை பஸ்ஸில் ஏறத் தொடங்கினேன்.

மூன்று கிழமைக்கு முன் மறுபடியும் ஓட்டம் தொடங்கியது. பிழை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று, சாப்பிட்டதையெல்லாம் கொப்பியில் எழுதினேன். பால்தேநீரை விட்டேன். மனைவியின் தேங்காய்ப்பால் சொதியையும் சந்தேகித்து ஒதுக்கினேன்.

இன்று வெள்ளவத்தையில் வழக்கமான பார்மசிக்குப் போனேன். கடைக்காரத் தம்பி வேறு பெயருள்ள பெட்டியிலிருந்து குளிசைகளை எடுத்துக் கடதாசி உறையில் போட்டு, மேலே பழைய பெயரையே எழுதினார்.

"தம்பி, பெட்டி வேற போல கிடக்கு."

"ஓம் ஐயா. பழையது இப்ப வாறேல்லை. போன முறையும் இதுதான் தந்தனான்."

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிண்டு நூறு கேள்வி கேப்பியள். இதுவும் அதே வேலைதான் செய்யும், ஐயா."

எட்டு வருடமாக டொக்டரைவிட இவரைத்தான் நம்பினேன். உறையை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

டொக்டரிடம் நாளை போகலாம். இன்றைய பிரச்சினை வீட்டில். மூன்று கிழமையாகக் குற்றம் சொன்ன சொதிக்காக மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதை எப்படித் தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.