உதறாத கிடா

ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் எங்கள் தெருவில் துலுக்கானம் மாமாவைத்தான் தேடுவார்கள். மற்ற நாட்களில் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு லோடு ஏற்றுகிறவர். ஞாயிறன்று வேப்பமரத்தடியில் ஆட்டை உரித்து, ஓலை விரித்து வீட்டுக்கொன்றாகக் கூறு போடுவார். தராசு கிடையாது. ஈரல் குறைந்தது, எலும்பு கூடியது என்று யாரும் அவரிடம் சண்டைக்கு வந்ததில்லை. ஆடி மாதம் வேம்புலியம்மன் கோயிலில் கிடா வெட்டுவதும் அவர்தான்.

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய தெரு அது. பெற்றோர் காலத்தில் வயல் வேலை, எங்கள் காலத்தில் கம்பெனி காண்ட்ராக்ட் வேலை. முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். தாவரவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"இன்னா பியெஸ்ஸி, இன்னிக்காச்சும் கவர்மெண்ட்டு உன்னைத் தேடிகினு வந்துச்சா?"

எண்பத்தாறாம் வருடம் ஆடியில் ஒரே ஒரு கிடாதான் வந்தது. எதிர்வரிசை வீட்டு மருமகள் பத்மா நேர்ந்துகொண்டது. அவளுக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்திருந்தது. இப்போது ஐந்தாம் மாதம். மாமியார் பொன்னியம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பை உதற வேண்டும். உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். அதற்குப் பிறகுதான் கத்தி. தெளித்தார்கள், உதறவில்லை. சொம்பால் ஊற்றினார்கள். குடத்தோடு கவிழ்த்தார்கள். கிடா சொட்டச் சொட்ட நின்று எங்கள் முகங்களைப் பார்த்தது. பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

கோயில் காரியங்களைப் பார்க்கும் கோதண்டம், "அம்மா வாணாங்குறா" என்றார்.

பொன்னியம்மா திரும்பி மருமகளைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். பத்மா இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"முன்னமே ஒண்ணத் துன்னவதானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமா கத்தியைத் தரையில் வைத்தார். "அவளை இன்னாத்துக்குப் பாக்குறீங்க? அம்மா நம்ம அல்லாருக்கும்தான் சொல்றா. இத்தினி வருசமா வெட்டினவன் சொல்றேன், அம்மாவுக்குக் கறி சலிச்சுப் போச்சு. இந்தப் புள்ள பொறக்குற வரிக்கும் தெருவுல எவனும் கவுச்சி தொடக்கூடாது."

"நீ தொடாம இருந்துருவியா அண்ணாத்தே?"

"உன் ஊட்டு நண்டுக் கொழம்பு வாசனை வராம இருந்தா இருந்துருவேன்."

சிரித்தார்கள். பார்வைகள் பத்மாவை விட்டு விலகின. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். "புஸ்தகத்துல இன்னா போட்டுகீது? கறி, மீனு இல்லாம புள்ளத்தாச்சி தெம்பா இருக்க முடியுமா?"

முடியும் என்றேன். வேர்க்கடலை, காராமணி, முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அத்த ஊடு ஊடா வந்து சொல்லு. நான் சாமியச் சொல்றேன், நீ சத்தச் சொல்லு."

அப்படியே போனோம். அவர் அம்மன் கோபத்தைச் சொல்லி முடித்ததும் நான் புரதத்தைப் பற்றிச் சொல்வேன். பெண்கள் தலையாட்டினார்கள். எதற்குத் தலையாட்டினார்கள்? இந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. படித்த படிப்பு முதல் தடவையாக என் தெருவுக்குப் பயன்பட்டது என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் வேடிக்கையாகத்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அதே மரத்தடியில், அதே ஓலையில், பூசணியும் கத்திரிக்காயும் கூறு போட்டார்.

"என் கூறுல நல்லி எலும்பு கீதா பாருண்ணாத்தே."

"முருங்கக்காய் ரெண்டு வெச்சிகீறேன். உறிஞ்சிக்கோ."

மழை தொடங்கியதும் வேடிக்கை போய்விட்டது. வெட்டப்படாத கிடா தெருவில் திரிந்தது. அதைக் கட்டவும் விரட்டவும் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. காயப்போட்ட அரிசியில் வாய் வைத்தால், பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமைக்கிற நேரம் பார்த்துப் பொன்னியம்மா தெருவில் நடக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேராக நின்று மூச்சை இழுப்பாள். ஒரு நாள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனி குவார்ட்டர்ஸிலிருந்து காற்றில் கருவாட்டு வாசனை வந்தது. அதற்கு எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் அடித்துக்கொண்டன. பிறகு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார்கள், கீரை மட்டும் ஆய்ந்தவர்களும்.

"கறியத்தான் நிறுத்தச் சொன்னேன், பியெஸ்ஸி" என்றார் மாமா. "இவங்க மூக்க நீட்டிக்கினு அலையறாங்களே."

எட்டாம் மாதத்தில் ஒரு காலை பத்மாவுக்கு உதிரம் போகத் தொடங்கியது. அவள் புருஷன் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மதியத்துக்குள் தெரு முழுவதும் கோயில் முன்னால் கூடிவிட்டது.

"எவனோ துன்னுகீறான்" என்றார் கோதண்டம். "அவனே சொல்லிட்டா நல்லது."

ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரும் துன்னலன்னா கொற அவகிட்டதான் கீது" என்றாள் பொன்னியம்மா. அவள் அழவில்லை. "பொழைச்சா அப்படியே அவ அம்மா ஊட்டுக்குப் போவட்டும். என் வாசப்படி ஏற வாணாம்."

சில தலைகள் அசைந்தன. மாமா எழுந்தார்.

"நான்தான் துன்னேன். முந்தாநேத்து, பூந்தமல்லில. பிரியாணி."

முந்தாநாள் அவரோடு நான் இருந்தேன். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் லேப் வேலைக்கு நேர்முகம். துணைக்கு வந்திருந்தார். திரும்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு அருகே பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "மோந்து பாத்தா அம்மா கோச்சிக்குவாளா?" என்று கேட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பூரி கிழங்கு வாங்கித் தந்தார்.

நான் எழுந்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

"குந்து, பியெஸ்ஸி" என்றார், மெதுவாக.

அவர் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது, யாரும் அவரோடு பேசக் கூடாது என்று முடிவாயிற்று. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

"பாத்தியா?" என்றார்கள். "குத்தத்த ஒத்துக்கினவொடனே அம்மா எறங்கிட்டா."

குழந்தை இறந்திருந்தால் யாராவது ஒருவர் அவர் சொன்னதைச் சந்தேகித்திருக்கலாம். அது உயிரோடு பிறந்ததால் அவர் பிரியாணி தின்றது சத்தியமாகிவிட்டது. மறுநாள் கோதண்டத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நீயும் அங்கதான் இருந்துகீறே" என்றார். "நீ இன்னா துன்னே, நைனா?"

பூரி என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

பத்மா குழந்தையோடு மாமியார் வீட்டுக்கே வந்தாள். ஒரு நாள் மாமா வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போனாள். அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் போன பிறகு, தெருவில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"புள்ள கொழுகொழுன்னு கீதா?"

பிள்ளை பிறக்கும் வரை என்றுதான் கட்டுப்பாடு. ஆனால் யாரும் கறி வாங்கவில்லை. முதலில் வாங்குகிற வீடாக இருக்க எல்லோரும் பயந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த காராமணியும் கீரையும் சாத்திய கதவுகளுக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தன.

கார்த்திகையில் கோதண்டத்தின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டரிடம் போவதற்கு முன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தார்.

"சட்டியக் காட்டு."

மாமாவின் மனைவி வசந்தகுமாரி மூடியைத் திறந்தாள். கீரைக் கடைசல். ஆவி வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பார்த்த பிறகும் ஒருவரும் நகரவில்லை. மாமா சுவரோரமாகக் குந்தியிருந்தார். எதிர்வீட்டு வாசலில் நான் நின்றிருந்தேன்.

தூறலில் நனைந்தபடி கிடா வந்தது. ஆட்களுக்கு நடுவே நுழைந்து, மாமாவுக்கு முன்னால் போய் நின்றது. யாரும் அதன் மேல் தண்ணீர் ஊற்றவில்லை. தலையிலிருந்து வால் வரை உடம்பை ஒரு தடவை உதறியது.

எல்லோரும் கிடாவைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மாமாவைப் பார்த்தார்கள்.