கணவர் முடித்துவைத்த கனசதுரம்

உதவி செய்ய நினைத்தவர் மேல் இவ்வளவு கோபம் வரலாமா? ஒரு மாதமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மகன் மதியம் தூங்கும் ஒரு மணி நேரத்தில், மடிக்கணினியில் நாற்பரிமாணக் கனசதுரப் புதிர் ஒன்றைத் தீர்த்துவந்தேன். கையில் திருகும் வண்ணக் கனசதுரத்துக்கு ஆறு பக்கம். திரையில் மட்டுமே சுழற்ற முடிகிற இதற்கு எட்டு. யார் துணையும் இல்லாமல், மூன்று மாதத்தில், கடைசி சில துண்டுகள் வரை வந்துவிட்டேன். அங்கே மாட்டிக்கொண்டேன். "யாராவது முடிச்சுத் தந்தா தேவல" என்று கணவரிடம் புலம்பியதும் நான்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கூடலிலிருந்து கணவரின் அக்கா வந்திருந்தார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இங்கன வா! எல்லாம் முடிஞ்சிட்டு" என்று கணவர் கூப்பிட்டார்.

திரையில் எட்டுப் பக்கமும், பக்கத்துக்கு ஒரே நிறமாக, சேர்ந்திருந்தன.

"சால்வ்னு ஒரு பட்டன் இருக்கே, பாக்கலியா? ஒரே அமுக்கு. சேவ் பண்ணியும் வச்சிட்டேன்."

முக்கூடல் மதினி சிரித்தார். "இதுக்குத்தான் மூணு மாசமா மண்டைய ஒடச்சியாக்கும்?"

அந்தப் பட்டன் முதல் நாளே எனக்குத் தெரியும். அதைத் தொடக்கூடாது என்பதுதான் நான் எனக்கு வைத்த விதி. அவர் சேவ் செய்ததில் என் பழைய நிலையும் அழிந்துவிட்டது. செதிள் ஒட்டிய கையாலேயே மடிக்கணினியை அறைந்து மூடினேன்.

"ஒங்கள யாரு தொடச் சொன்னா?"

மகன் விழித்து அழுதான். கணவரின் முகம் சுருங்கிவிட்டது.

"நீதான சொன்ன" என்றார் பைய.

அது உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது. இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா? அவர் எதை எடுத்துக்கொண்டார் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.