என் மகளுக்குப் பிடித்த இடம் டோபிக் கடை

பிள்ளைகளே, "இது குழந்தைகளுக்குப் பிடித்த இடம்" என்று பெரியவர்கள் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். எந்தக் குழந்தையிடம் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

நான் லோரி ஓட்டுகிறவன். ஈப்போவைச் சுற்றியுள்ள மலைகளில் உடைக்கும் சுண்ணாம்புக் கல்லை ஏற்றிக்கொண்டு போவேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை உங்களுக்கு எழுதுகிறேன். பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவர்கள் காதில் ஏறவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் எங்கள் வீட்டில் அது பெரிய நாள். நீங்கள் பாடம் படிக்கும்போது மேலே காற்றாடி சுற்றும், வெளியே மோட்டார் போகும், பக்கத்து வீட்டில் மிளகாய் அரைப்பார்கள். உங்கள் காது அதையெல்லாம் தானாகத் தள்ளி வைத்துவிடும். அவள் காது தள்ளாது. எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து இடிக்கும். எல்லா ஆட்டிசப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்கு மேளச் சத்தம் கேட்டால்தான் சிரிப்பே வரும்.

என் மகளுக்குப் பிடித்த இடம், எங்கள் குடியிருப்புத் தாமானைத் தாண்டி, பெரிய சாலைக்கு அந்தப் பக்கக் கடை வரிசையில் இருக்கிற டோபிக் கடை. காசு போட்டு நாமே துணி துவைத்துக்கொள்கிற கடை. வீட்டு மெஷின் கெட்டுப்போன ஒரு மழை மாதத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான்காம் நம்பர் மெஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், துணி துவைத்து முடியும் வரை எழுந்திருக்கவில்லை. முதலில் தண்ணீர் வரும். அப்புறம் நுரை. அப்புறம் அழுக்குத் தண்ணீர் இறங்கும். கடைசியில் வேகமாகச் சுற்றும். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த மெஷின் அவளை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. மனிதர்களைப் பற்றி அவள் அப்படிச் சொல்ல முடியாது. என்னைப் பற்றியும்தான்.

வீட்டு மெஷின் சரியான பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் போனோம். அழுக்குத் துணி இல்லாத வாரங்களில் துவைத்து மடித்து வைத்ததையே அள்ளிக்கொண்டு போவேன்.

"துவைச்சதையே துவைக்கிறீங்களே, நூல் நூலா போயிடும் லா," என்பாள் என் மனைவி.

கடையைக் கூட்டிப் பெருக்குகிற மலாய்க்கார அக்கா ஒரு நாள் என் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது சுத்தமாத்தானே இருக்கு?" என்று மலாயில் கேட்டார். நான் மகளைக் காட்டினேன். அவர் அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான்காம் நம்பர் மெஷின் மேல் தன்னுடைய துடைக்கும் துணியைப் போட்டு, வேறு யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டார். ஆட்டிசம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. ஆனால் அவருக்குப் புரிந்தது.

எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியவில்லை. "பிள்ளைய டோபிக் கடைக்கா கூட்டிட்டுப் போவாங்க? நாலு நல்ல இடத்தக் காட்டுங்க" என்றார்கள். சரி என்று, மழைக்குப் பேர்போன தைப்பிங் ஊர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓரத்திலிருந்து கயிறு கயிறாக இறங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் ஒரு மணி நேரம் நின்றாள். விரல்கள் பியானோ வாசிப்பதுபோல ஆடின. அவளுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். கூட வந்த என் மைத்துனன், "அவ்வளவு தூரம் வந்து மழையப் பாக்குது பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டான். தைப்பிங்கில் நன்றாக இருப்பதே மழைதானே மச்சான், என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு எல்லாப் பதிலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

இனிமேல்தான் கோபம் வரும் பகுதி.

எங்கள் வட்டாரத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் செயலாளரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். என் மகளுக்கு ஊனமுற்றோர் அட்டை எடுக்க, மலாயில் இருந்த விண்ணப்பப் பாரங்களையெல்லாம் எனக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். போன வருஷம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, சிறப்புக் குழந்தைங்களுக்கு ஒரு உல்லாசப் பயணம் போடுறோம். எல்லாம் ஃப்ரீ. சுல்தான்கிட்ட பட்டம் வாங்கின டத்தோ வாராரு. பாப்பாவக் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்."

"எங்கண்ணே?"

அவர் சொன்ன இடம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டம். செமோரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ரப்பர் மரம் ஒன்றுகூட இப்போது அங்கே கிடையாது. துரை குடியிருந்த பங்களாவைச் சாயம் அடித்து, முயல், ஆடு, குட்டைக் குதிரை எல்லாம் கொண்டுவந்து விட்டு, பண்ணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "அவளக் கேட்டீங்களா?"

"அவ என்னத்த சொல்லப் போறா?" என்றேன்.

பிள்ளைகளே, இந்தப் பதிலைச் சொன்னவன் நான்தான். இந்த எழுத்தில் நான் யாரைத் திட்டினாலும் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அந்தப் பயணம் ஒரு சனிக்கிழமை. மனைவிக்கு அன்று தொழிற்சாலையில் வேலை. காலையில் மகள் வழக்கம்போலத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். சங்கம் கொடுத்த மஞ்சள் டி-சட்டையை மாட்டிவிட்டேன். நான் எதுவும் விளக்கவில்லை. கார் டோபிக் கடையைத் தாண்டிப் போனபோது அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"டோபி."

"அப்புறம் போலாம்மா."

"டோபி. டோபி."

அன்றைய பத்துச் சொல்லில் மூன்றை அங்கேயே செலவழித்தாள். நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

பங்களாவுக்கு முன்னால் இருக்கும் திடலில் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒன்பது மணி. மஞ்சள் சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் "சிறப்புக் குழந்தை" என்று போட்டிருந்தது. தொலைந்துபோனால் கண்டுபிடிக்கவா, தெரிந்தவர்கள் பார்த்துப் பரிதாபப்படவா, தெரியவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு. இடையிடையே அறிவிப்பு: "டத்தோ ஈப்போவிலேருந்து கிளம்பிட்டாரு." பத்து மணிக்கு, "டத்தோ செமோர் வந்துட்டாரு." பத்தே காலுக்கும் அவர் செமோரில்தான் இருந்தார். வெயில் ஏறியது. ஒரு பிள்ளை வரிசையை விட்டு ஓடியது, பிடித்து வந்து நிறுத்தினார்கள். இன்னொரு பிள்ளை சட்டையைக் கழற்றிப் போட்டது. அதற்கும் திட்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தத் திடல் எது என்று. பெரட்டுக் களம். தோட்டத்தில் விடியுமுன் வேலைக்காரர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நிற்பார்கள், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார், அதற்குப் பெரட்டு என்று பெயர். மழை பெய்தாலும் நிற்க வேண்டும், துரை வரத் தாமதமானாலும் நிற்க வேண்டும். என் அப்பா அங்கே நின்றார். "நீ படிச்சா இந்தக் களத்துல நிக்க வேணாம்டா" என்று சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அதே மண்ணில் என் மகளைக் கொண்டுவந்து பெரட்டுக்கு நிறுத்தியிருக்கிறேன், ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று. இதற்குப் பெயர் உல்லாசமாம்.

ஆனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பவில்லை. அட்டைக்குப் பாரம் எழுதிக் கொடுத்தவர் எதிரில் நிற்கிறார், நாலு பேர் பார்க்கிறார்கள், பாதியில் போனால் மரியாதையாக இருக்காது. இப்படித்தான் நினைத்தேன். பெரியவர்களுக்கு மரியாதை என்றால் பெரும்பாலும் அடுத்த பெரியவருக்கு மட்டும்தான்.

பத்தரைக்கு மேல் டத்தோ வந்து இறங்கினார். உறுமி மேளம் வெடித்தது. என் மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளுக்குள் "ம்ம்ம்" என்று முனக ஆரம்பித்தாள். வெளிச் சத்தத்தை மறைக்க அவளே போட்டுக்கொள்கிற திரை அது. டத்தோ ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து எங்களிடம் வந்தார். நல்ல மனிதர்தான், சிரித்தார். படம் எடுக்கிறவர் கத்தினார்:

"அந்தப் பிள்ளை கைய எடுக்கச் சொல்லுங்க லா, மூஞ்சி மறையுது!"

"தம்பி, ஒரே நிமிஷம்" என்றார் செயலாளர் அண்ணன்.

நான் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இழுத்தேன். லோரியில் தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டுகிற கை என்னுடையது. அவள் கை எவ்வளவு பெரியது? படம் எடுத்தாகிவிட்டது.

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் யாருடைய கண்ணையும் நேராகப் பார்க்கிற பிள்ளை இல்லை. அன்று பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அலறினாள். "வெயில் ஒத்துக்கல போல" என்று ஒருவர் சொன்னார். ஒரு அக்கா ஓடிப்போய் ஒரு முயலைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தார். முயலுக்கும் மேளம் பிடிக்கவில்லை. அதன் உடம்பெல்லாம் துடித்தது. அதையும் யாரும் கேட்டுக் கூட்டி வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் கூடையைத் தொடவில்லை. அதற்கடுத்த வாரம் மனைவி கூடையை எடுத்து, மகளின் கையைப் பிடித்துக் காரில் உட்கார வைத்தாள். நான் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் அவள் இறங்கி உள்ளே போய்விட்டாள். நான் பல் துலக்கிவிடப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கென்று இருந்த ஒரே ஓர் இடம் அந்த டோபிக் கடை. அங்கே போக வேண்டுமானால் என் காரில் ஏற வேண்டும். என் காரில் ஏறினால் நான் எங்கே கொண்டுபோவேன் என்று அவளுக்கு இனித் தெரியாது. இடத்தை யாரும் பூட்டவில்லை. போகிற வழியை நான் அடைத்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அண்ணன் வந்தார். சட்டம் போட்ட படம் ஒன்று கையில். "பாப்பா எவ்வளவு அழகா விழுந்துருக்கு பாரு தம்பி. அடுத்த வருஷ போஸ்டர்ல இதத்தான் போடப் போறோம்."

படத்தில் டத்தோ சிரித்துக்கொண்டிருந்தார். நான் மகளின் கைகளைப் பிடித்திருந்தேன். தெரியாதவர் பார்த்தால் அப்பாவும் மகளும் கை கோத்து நிற்பதுபோல இருக்கும்.

"இதப் போடாதீங்கண்ணே."

"ஏன் லா?"

"அது கை கோத்தது இல்ல. நான் அமுக்கிப் பிடிச்சது."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

அவர் முகம் மாறியது. "கார்டு பாரம் யாரு எழுதிக் கொடுத்தா? மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே. மறக்காததாலதான் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு நின்னேன். இனி அதுக்காக என் மகள நிக்க வைக்க மாட்டேன்."

"நாங்க நல்லது செய்யத்தான் பாத்தோம்."

"அப்ப அவளுக்குப் பிடிச்ச இடத்துக்கு நீங்க வாங்க. மேளம் வேணாம், மைக் வேணாம். டோபிக் கடையில சும்மா அவ பக்கத்துல உக்காருங்க. போதும்."

"டோபிக் கடையிலயா?" அவர் சிரித்தே விட்டார். "அங்க போய் என்னத்த லா படம் எடுக்கிறது?"

மனைவி உள்ளேயிருந்து வந்து, படத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவர் குடிக்கவில்லை.

இந்த வருஷப் போஸ்டர் வந்துவிட்டது. எங்கள் படம் இல்லை. வேறொரு பிள்ளை, மஞ்சள் சட்டை, பக்கத்தில் அதன் அம்மா. பிள்ளையின் கை அம்மா கைக்குள் இருக்கிறது. பிடித்த கையா, அமுக்கிய கையா என்று எனக்குத் தெரியாது. மளிகைக் கடைச் சுவரில் அதைக் கடக்கிற போதெல்லாம் நின்று அந்தக் கைகளைத்தான் பார்க்கிறேன்.

என் மகள் இப்போது அம்மாவோடு நடந்து போகிறாள். பெரிய சாலையைக் கடந்து அரை மணி நேர நடை. மழையானால் குடை. முதலில் நான் பின்னால் வந்தால் நின்றுவிடுவாள். வார்த்தையில் மன்னிப்புக் கேட்டேன், அது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால் தினமும் ஒரே வேலையைச் செய்தேன். நான் எங்கே போகிறேன் என்று முதலில் அவளிடம் சொன்னேன், சொன்ன இடத்துக்கு மட்டும் போனேன், வேறெங்கும் திரும்பவில்லை. மாதங்கள் ஆயின. இப்போது இருபதடி தள்ளி வர விடுகிறாள். கடைக்குள் நான் நுழைவதில்லை. பக்கத்து மோட்டார் பட்டறை ஓரமாக நிற்பேன் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறேன். பட்டறைக்காரர் நாற்காலி கொடுத்தார், வேண்டாம் என்றேன். உட்கார்ந்தால் அவளுக்கு நான் தெரிய மாட்டேன். வேகமாகச் சுற்றும் கட்டம் வரும்போது அவள் ஒரு தடவை தலையைத் திருப்பி, நான் சொன்ன இடத்திலேயே நிற்கிறேனா என்று பார்க்கிறாள். நிற்கிறேன்.