வளைய மறுத்த போட்டு

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த மோட்டாரை வைத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஆரோக்கியசாமி. எதை வாங்கினாலும் அப்படித்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் செலக்‌ஷன் வேலை. மேலே தைக்க எது, உள்ளே தைக்க எது என்று தடவியே பிரித்துப் போடுகிற கை, வீட்டிலும் சும்மா இருக்காது. "இன்னாய்யா, தோசையையும் செலக்‌ஷன் பண்றியா?" என்பாள் பெண்டாட்டி தேவகி.

ஆனால் இந்தச் சாமான் கைக்குப் பிடிபடவில்லை. சர்வோ என்று பெயர். ரிமோட்டைத் திருகினால் பொம்மைப் போட்டின் சுக்கானை இடமும் வலமும் தள்ளும். தீப்பெட்டி அளவுதான். மேலே இருபது கிலோ என்று போட்டிருந்தது.

"இன்னா பாய், இருபது கிலோன்றே. சுண்டல் பொட்டலம் கனம்கூட இல்லியே."

"அது எடை இல்லண்ணே, தள்ற பலம்," என்றார் வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் ஒவைஸ். "உங்க போட்டுக்கு மூணு கிலோவே ஜாஸ்தி."

மூன்று கிலோவும் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்பது கிலோவும் போட்டுப் பார்த்தாயிற்று. வீட்டில் கட்டில்மேல் வைத்துத் திருகினால் சுக்கான் மீன்வால் மாதிரி ஆடும். நெமிலியில் மச்சான் சம்பத்தின் பண்ணைக்குட்டையில் விட்டாலோ, கொஞ்ச தூரம் போனதும் பிடிவாதம் பிடித்து நேரே கரைமுள்ளில் சொருகிக்கொள்ளும். "போட்டும் உன்ன மாதிரியே மாமா, வளைய மாட்டேங்குது" என்று சம்பத் சொல்லப்போய், ரோஷத்தில் இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி வராவிட்டால் போட்டு சம்பத்துக்கே. பார்த்துப் பார்த்துச் செதுக்கிய போட்டு.

"உள்ள தண்ணி போவுதாண்ணே?" என்று கேட்டார் ஒவைஸ்.

"ஒரு சொட்டு போவாது. சுக்கான் கம்பி எறங்கற ஓட்டையில தோல் வாஷர் கெட்டியா போட்டுருக்கேன்."

"ரப்பர் போடலாமே."

"ரப்பரா? ஆம்பூர்ல பொறந்துட்டு ரப்பரா?"

இருபது கிலோவையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். குழப்பமும் கூடவே ஏறியது. தரையில் திரும்புவது தண்ணீரில் ஏன் திரும்பவில்லை? தண்ணீர் அவ்வளவு கனமா? தேவகியைக் கேட்டார். "என்ன ஏன் கேக்கற? தண்ணியப் போய்க் கேளு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டு ஜோராகக் கிளம்பியது. ஒரு தரம் வளைந்தது. கேலி பண்ண வாயைத் திறந்த சம்பத் மூடிக்கொண்டான். அடுத்த வளைவுக்குச் சுக்கான் அசையவில்லை. நேரே முள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அவன்தான் எடுத்து வந்தான்.

கூட வந்திருந்த தேவகி கம்பியை ஆட்டிப் பார்த்தாள். "யோவ், உன் தோலு ஊறிப்போயி கம்பியக் கவ்விக்கினு கீது. எத்தினி கிலோ போட்டாலும் எப்படி ஆடும்?"

ஆரோக்கியசாமி வாஷரை நசுக்கினார். தண்ணீர் கசிந்தது. ஊறினால் தோல் உப்பும் என்பது அவருக்குத் தெரியாததா? ஷூவில் தெரிந்தது போட்டில் எப்படித் தெரியாமல் போயிற்று என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

"இது கணக்குல வராதுடா சம்பத்து. போட்டு மேல தப்பு இல்ல."

"வாக்கு வாக்குதான் மாமா."

இரண்டு கையாலும் போட்டைத் தூக்கிக் கொடுத்தார். கக்கத்தில் இடுக்கியிருந்த ரிமோட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.