பெரியம்மாவின் உலக்கை

பாப்பிரெட்டிப்பட்டிக்கு மெஷின் வராத காலம் அது. சோறு வேண்டுமென்றால் சாமையை உரலில் போட்டுக் குத்தியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும். ஒரே உரலுக்கு எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். உலக்கையும் நிற்காது, ஊர்க்கதையும் நிற்காது.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது பெரியம்மாவின் கண்களில் பூ விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை முழுதும் போனது. கூடவே அவளுடைய வேலையும் போனது. பறித்துக்கொண்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனையும் பாசத்தில் செய்ததுதான். அவள் எழுந்தால் போதும், வீட்டிலுள்ள எல்லா வாயும் "உக்காருங்க" என்று கத்தும். தண்ணீர் கேட்டால் ஆளுக்கொரு சொம்போடு ஓடுவோம். உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்குக் கால் வீங்கியது. ராத்தூக்கம் போனது. கொல்லைப்புறம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது.

உடம்பை அசைக்காவிட்டால் படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே பெரியப்பா அவள் கையைப் பிடித்துத் தெருவில் நடத்திக்கொண்டு போனார். தெருவே வாசலுக்கு வந்து உச்சுக் கொட்டியது. திரும்பி வந்த பெரியம்மா, "நான் என்ன தேருங்களா, ஊரே நின்னு பாக்க? இனிமே நான் வரமாட்டேனுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் ஒரு நாள் அம்மா தனியாகக் குத்திக்கொண்டிருந்தாள். ஒற்றை உலக்கைச் சத்தம் தளர்ந்து தளர்ந்து கேட்டது. பெரியம்மா சுவரைத் தடவிக்கொண்டே வந்து, உரல் விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு குடு புள்ள. நீ ஒண்டியா குத்தறதைக் கேட்டுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல."

பெரியப்பா பதறி ஓடி வந்தார். "கண்ணு தெரியாம அவ கை மேல போட்டுட்டா என்ன பண்றது?"

அம்மா அதுவரை பெரியப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தலை தெரிந்தாலே கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அன்று நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்:

"எங்கையிலதானுங்க மாமா போடறாங்க. போடட்டும்."

அம்மா முதலில் போட்டாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா போட்டது விளிம்பில் பட்டு, சாமை சிதறியது. அம்மா நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு உலக்கையும் பழையபடி மாறி மாறி விழுந்தன. ஊர்க்கதையும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

சில வருஷம் கழித்து மெஷின் வந்தது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு போனது. அம்மா மட்டும் அசையவில்லை. "மெஷின்ல குத்துன சாமையை வாயில வெக்க முடியாது" என்பாள். கஞ்சத்தனம் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. அவளோ, உள்ளங்கை காய்த்துப் போனபோதும் தினம் உரலடிக்குப் போய், "அக்கா, வாங்க" என்று கூப்பிடுவாள். பெரியம்மாவும் கடைசிவரை தன் காலிலேயே நடந்து வந்தாள்.

பெரியம்மாவின் கருமாதி முடிந்ததும், சாமை மூட்டையை மெஷினுக்கு வண்டியேற்றச் சொன்னது அம்மாதான். அன்றைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் அம்மா.

அப்புறம் எதற்கு இத்தனை வருஷம் கை காய்க்கக் குத்தினாள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.